நியூவை மோட் ஆக்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வட்டி போடும் உன் மெயின்ஃபிரேம் (பெரிய கணினி) ஜாப்பைப் பற்றி ராத்திரி ஒன்றே முக்காலுக்கு நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை, காலையில் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கேபில்தான் திறந்தேன். சில்க் போர்டில் வண்டி நகராமல் நின்றது நல்லதாய்ப் போயிற்று, உன் ஜேசிஎல்லை, அதாவது எந்த ப்ரோகிராமை எந்த ஃபைல்களோடு ஓட்டுவது என்று மெயின்ஃபிரேமுக்குச் சொல்லும் மொழியில் நீ எழுதியதை, வரி வரியாய்ப் படிக்க நேரம் கிடைத்தது. 'ஜாப் ஓடிடுச்சு அக்கா, மேக்ஸ்சிசி ஜீரோ' என்று கீழே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. மேக்ஸ்சிசி ஜீரோ என்றால் எந்த ஸ்டெப்பும் (ஜாப்பில் ஒரு ப்ரோகிராம் ஓடும் கட்டம்) எரர் கோடு தரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் பொம்மையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நேரில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் பேட்ச்சில் வந்த எல்லோருமே இந்தக் குழியில் ஒரு தடவையாவது விழுவீர்கள், அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் ஓட்டத்தில் பாதி வழியில் எஸ்0சி7 அபெண்ட், அதாவது ப்ரோகிராம் நடுவிலேயே விழுந்தது. எண் இருக்க வேண்டிய ஃபீல்டில் குப்பை. இன்புட்டைச் சரிசெய்து மறுபடி சப்மிட் செய்தாய். இந்தத் தடவை ஸ்டெப் தொடங்கவே இல்லை. அதே பெயரில் டேட்டாசெட் (ஃபைலுக்கு மெயின்ஃபிரேமில் அதுதான் பெயர்) ஏற்கெனவே கேட்லாகில், அதாவது ஃபைல்களின் பதிவேட்டில், இருக்கிறது என்று எரர். பக்கத்து சீட்டில் யாரோ 'நியூவை மோட்னு மாத்து' என்றார்கள். மாற்றினாய், ஓடிவிட்டது.

ஃபைலை விவரிக்கும் ஜேசிஎல் வரியான உன் அவுட்புட் டிடியைப் பார். அதன் டிஸ்ப்பில் முதலில் 'நியூ, கேட்லாக்' என்று இரண்டுதான் எழுதியிருந்தாய். அங்கே மூன்று இடம் உண்டு. ஸ்டெப் தொடங்கும்போது ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது, நல்லபடியாய் முடிந்தால் அதை என்ன செய்வது, அபெண்ட் ஆனால் என்ன செய்வது. மூன்றாவதை எழுதாவிட்டால் சிஸ்டம் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளும். நீ கேட்லாக் என்றாய்; அபெண்ட் ஆனபோதும் அரைகுறை ஃபைலைப் பத்திரமாய்க் கேட்லாக் பண்ணி வைத்தது. அப்புறம் மோட். ஃபைல் இல்லாவிட்டால் புதிதாய் உண்டாக்கும், இருந்தால் கடைசியில் போய் ஒட்டும். ஆக, முதல் ஓட்டத்தின் பாதி ரெக்கார்டுகள் மேலே, இரண்டாம் ஓட்டத்தின் முழு ரெக்கார்டுகளும் அதற்குக் கீழே. ஒரே கணக்குக்கு இரண்டு தடவை வட்டி. டெஸ்ட் ரீஜன் என்பதால் பிழைத்தோம்.

நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதே. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு டிடியில் டிஸ்ப்பையே மறந்துவிட்டேன். மறந்தால் நியூ, டெலீட் என்று அர்த்தம். மூன்று மணி நேரம் ஓடி, ரிட்டர்ன் கோடு பூஜ்ஜியத்தோடு முடிந்து, ஸ்டெப்பின் கடைசியில் தானே எழுதிய ஃபைலைத் தானே அழித்துவிட்டது. காலையில் அடுத்த ஜாப் ஃபைலைக் காணோம் என்று விழுந்த பிறகுதான் லாகைத் திறந்தேன். ஐஇஎஃப்285ஐ என்று ஆரம்பிக்கும் வரி, ஃபைல் கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்வது. டேட்டாசெட் பெயர், பக்கத்தில் 'டெலீட்டட்'. ராத்திரியே அங்கே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மேக்ஸ்சிசியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த 285 வரிகளைத்தான் பார்க்கிறேன்.

ஏற்கெனவே இருக்கும் ஃபைலுக்கு டிஸ்ப்பின் முதல் இடத்தில் போடும் ஓல்டும் ஷேரும் உனக்குத் தெரிந்திருக்கும். படிக்க மட்டும் என்றால் ஷேர் போடு. ஓல்டு போட்டால் நீ முடிக்கும்வரை அதே ஃபைலைக் கேட்கும் மற்ற ஜாப்கள் வாசலில் நிற்கும், போன் எனக்கு வரும்.

ஃபைலுக்கு டிஸ்கில் இடம் கேட்கும் ஸ்பேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த அடி அங்கேதான் விழும். சிலிண்டர் (டிஸ்க் இடத்தின் ஓர் அளவு) கணக்கில் 10, 5 என்று எழுதியிருக்கிறாய். முதல் பந்திக்கு 10 இலை, பற்றாதபோதெல்லாம் ஐந்தைந்தாய்ப் போடு என்று வைத்துக்கொள். சாதாரண சீக்வென்ஷியல் ஃபைலுக்கு ஒரு வால்யூமில், அதாவது ஒரு டிஸ்கில், 16 எக்ஸ்டென்ட் (துண்டு)தான். முதல் 10 ஒரே துண்டாய்க் கிடைத்தால் அதற்கு மேல் 15 தடவை ஐந்து, மொத்தம் 85 சிலிண்டர். அதையும் தாண்டினால் எஸ்பி37 அபெண்ட். இரண்டாவது எண்ணை எழுதவே இல்லை என்றால் முதல் 10 தீர்ந்ததுமே எஸ்டி37. 3390 டிஸ்கில் ஒரு சிலிண்டர் 15 ட்ராக், ட்ராக் 56,664 பைட். இன்புட் எத்தனை ரெக்கார்டு என்று கேட்டு ஒரு பெருக்கல் போட்டால் விடை வந்துவிடும். பிளாக்சைஸை, அதாவது ரெக்கார்டுகளைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதும் கட்டின் அளவை, பூஜ்ஜியமாய் விடு, சிஸ்டமே கணக்குப் போடும். 80 பைட் ரெக்கார்டுக்கு 27,920 வரும், ட்ராக்குக்கு இரண்டு பிளாக், 698 ரெக்கார்டு. அந்த 80 பஞ்ச் கார்டு காலத்து மிச்சம்.

இதெல்லாம் மனுஷன் எழுதும் மொழியா என்று உனக்குக் கோபம் வந்தால் தப்பில்லை. ஐபிஎம்மின் அந்தக் கால மெயின்ஃபிரேம் ஆபரேட்டிங் சிஸ்டமான ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸே ஜேசிஎல்லைப் போல மோசமான மொழி கிடையாது என்று சொல்லியிருக்கிறார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவுட்புட் டிடியில் மோடை எடுத்துவிட்டு 'நியூ, கேட்லாக், டெலீட்' என்று மூன்றையும் எழுது. அதற்கு முன்னால் ஐஇஎஃப்பிஆர்14 ஸ்டெப் ஒன்று வை. அது ஒன்றுமே செய்யாத ப்ரோகிராம். டிஸ்ப்பில் சொன்னதைச் சிஸ்டம் நிறைவேற்றட்டும் என்பதற்காகவே அதை ஓட்டுகிறோம். முதல் வடிவத்தில் ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்தான், அதிலும் பக்: ரிட்டர்ன் கோடைப் பூஜ்ஜியமாக்க மறந்துவிட்டார்கள். அந்த ஸ்டெப்பில் 'மோட், டெலீட், டெலீட்' போடு, ஸ்பேஸ் ஒரு பேருக்குப் பூஜ்ஜியம் ட்ராக். மோட் அங்கேதான் பொருந்தும்; பழைய ஃபைல் இருந்தால் அழியும், இல்லாவிட்டாலும் எரர் வராது.

ஓட்டிவிட்டு இன்புட்டில் எத்தனை ரெக்கார்டு, அவுட்புட்டில் எத்தனை என்று எண்ணி எனக்கு அனுப்பு. சிரிப்புப் பொம்மை அதற்கு அப்புறம்.

அன்புடன்,
அக்கா