எண்ணிக்கை அட்டையை முகாமிலிருந்து எடுத்துவிடுங்கள்

ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கத் தொலைதூர ஆறுகளுக்குப் பயணங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். சாலை முடிந்த இடத்திலிருந்து இரண்டு நாள் நடந்து அடைந்த ஓர் ஆற்றங்கரையில், கடந்த பயணத்தின்போது எட்டுப் பேராகக் கூடாரமடித்துத் தங்கியிருந்தோம். சமையல் கூடாரத்தின் வாயிலில் ஓர் அட்டை தொங்கியது. அவரவர் அன்று பிடித்து விடுவித்த மீன்களின் எண்ணிக்கையை மாலைதோறும் அதில் எழுத வேண்டும். வார இறுதியில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசு. மூன்றாம் நாள் என் பெயருக்கு எதிரே இருந்த எண் மிகச் சிறியதாக இருந்ததால், வெயில் ஏறிய பிற்பகலிலும் நான் ஆற்றைவிட்டுக் கரையேறவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த அட்டையை இனி தொங்கவிட வேண்டாம் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

ஆள் நடமாட்டமில்லாத ஆற்றில் மீன் மொய்க்கும் என்ற எண்ணம் உங்கள் அறிவிப்புகளில் அடிக்கடி தென்படுகிறது. ஆனால் இத்தகைய ஆறுகளில் பல, குளிர்ந்த, சத்துக் குறைந்த நீரை உடைய, ஆறு தொடங்கும் பகுதியின் ஓடைகள். அங்கே இரை குறைவு, வளர்ச்சி மெதுவு. பெரிய மீன் ஒவ்வொன்றும் நல்ல மடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். எட்டுப் பேர் ஒரு வாரம் ஆற்றின் அதே பகுதியில் தூண்டில் வீசினால், அட்டையில் ஏறும் எண்கள் எல்லாம் வெவ்வேறு மீன்களைக் குறிப்பவை அல்ல. ஒரே மீன் இரண்டு மூன்று பேர் கணக்கில் வரக்கூடும்.

விட்டுவிடுகிறோமே, அதில் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். தூண்டிலில் சிக்கிப் போராடும் ட்ரவுட்டின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதைச் சரிசெய்ய அதற்கு ஆக்சிஜன் தேவைப்படும் அதே நேரத்தில்தான் நாம் படமெடுப்பதற்காக அதை நீரிலிருந்து தூக்குகிறோம், செவுள் இழைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கனடிய ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், களைக்கும்வரை துரத்தப்பட்ட ரெயின்போ ட்ரவுட்களில், காற்றில் வைக்கப்படாதவை 12 மணி நேரத்திற்குள் 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி காற்றில் இருந்தவை 38 சதவீதமும், 60 விநாடி இருந்தவை 72 சதவீதமும் இறந்தன. அது தொட்டியில் நடந்த கடுமையான சோதனை. குளிர்ந்த ஆற்றில் கவனமாக விடப்படும் மீன்களில் இறப்பு இதைவிட மிகக் குறைவு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கவனம் என்பதைத்தான் எண்ணிக்கைப் போட்டி முதலில் தின்றுவிடுகிறது. அடுத்த மீனுக்கு அவசரப்படுபவர் கையை நனைத்துக்கொள்ள மாட்டார், ரப்பர் கைவலையை எடுக்க மாட்டார், மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் எதிர்க்கூரை நசுக்கிய தூண்டில் முள்ளைக் கட்டவும் மாட்டார். கட்டினால் மீன் நழுவிவிடும் என்று அஞ்சுவார்.

வெப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. 20 டிகிரி செல்சியஸை நெருங்கும் நீரில் ட்ரவுட்டைப் பிடித்து விடுவது அதற்குப் பெரும் சுமை. நான் கரையேறாத அந்தப் பிற்பகலில் எங்கள் குழுவில் ஒருவரிடமும் வெப்பமானி இல்லை. கால் கிலோகூட எடையில்லாத அந்தக் கருவியை ஏன் உங்கள் பொருள்பட்டியலில் சேர்க்கக் கூடாது?

நீரில் இறங்கி நடப்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். நீர் வெளியேறும் மடுவின் கீழ்முனையில், சரளையைக் குழித்துச் சுத்தமாக வெளுத்துத் தெரியும் இடம் பெண் ட்ரவுட் முட்டையிட்ட கூடு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்து, அதே 1992-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முட்டைக் காலம் முழுவதும் நாளுக்கு இருமுறை மிதிக்கப்பட்ட சரளையில் முட்டைகளும் குஞ்சுகளும் 96 சதவீதம்வரை அழிந்தன. பிரவுன் ட்ரவுட் முட்டையிடும் இலையுதிர்காலத்தில் அதற்கான பயணங்களை நடத்துபவர்கள், இறங்குவதற்கு முன்பே அந்த இடங்களைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித்துணி போன்ற அடிவைத்த காலணிகளைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆற்றடியை மூடிப் பரவும் டிடிமோ என்னும் ஒற்றைச் செல் பாசி 2004-இல் நியூசிலாந்தின் தென்தீவில் கண்டறியப்பட்டது. நெடுநேரம் ஈரம் காக்கும் ஃபெல்ட்டில் அது ஆறுவிட்டு ஆறு பயணிக்கக்கூடும் என்பதால், 2008-இல் அந்நாடு அத்தகைய காலணிகளுக்குத் தடை விதித்தது. தடை இல்லாத நாடுகளுக்கும் ரப்பர் அடியோடு வருமாறு சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன் அனைவருடைய காலணிகளையும் வலைகளையும் கழுவி முற்றிலும் உலர்த்தச் செய்யுங்கள்.

எட்டுப் பேரையும் இருவர் இருவராகப் பிரித்து, ஒரு மடுவில் ஒரு நாளைக்கு ஒரு சோடி மட்டுமே இறங்கலாம் என்று வகுப்பதில் உங்களுக்குச் செலவு ஏதுமில்லை. ஒருவர் வீச மற்றவர் கரையிலிருந்து மீனைப் பார்த்துச் சொல்வதில் உள்ள சுவையை, கணக்குக்காக ஓடியவர்கள் அந்த வாரத்தில் அறியவே இல்லை.

உங்கள் அடுத்த பயண அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற வரி அதில் இல்லையென்றால், என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்த எட்டுப் பேரில் ஒருவர்