எந்த எஞ்சினை மீட்பது?

ஹட்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் ஏறி வந்ததை நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் பாதை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பல்சக்கரம் இல்லாமல் ஏறவே முடியாது. நம்ம இலங்கை மலைநாட்டுப் பாதை 44 அடிக்கு ஓர் அடி. இங்கே பல்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கிற பிடியை மட்டும் நம்பித்தான் நம்ம கோச்சி, அதாவது ரயில், பட்டிப்பொல வரை, 1,898 மீட்டர் உயரத்துக்கு, ஏறிப் போனது. மழையில் அந்தப் பிடியும் வழுக்கும், மணல் தூவிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

சரி, இங்கே ஒரு சமாச்சாரம். கீழ்நாட்டில் ஒரு யார்டில் கிடக்கிற இரண்டு பழைய நீராவி எஞ்சின்கள் இரும்பு விலைக்குப் போகப்போவதாகப் பேச்சு. நம்ம ஊர்ப் பொடியன்கள் சிலர் சேர்ந்து, ஒன்றையாவது வாங்கி மலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நிற்கிறார்கள். எஞ்சின் ஷெட்டில் சுத்தியல் பிடித்தவன் என்று என்னையும் பார்க்கக் கூட்டிப்போனார்கள்.

ஒன்று டெண்டர் எஞ்சின், நிலக்கரியையும் தண்ணீரையும் பின்னால் தனிப் பெட்டியில் இழுத்துப் போகிற ரகம். நீளம், உயரம், கறுப்புப் பெயின்ட், முன்னால் நின்று படம் எடுக்க நல்ல கம்பீரம். எல்லோர் மனமும் அதில்தான். மற்றது இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி சுமக்கிற டேங்க் எஞ்சின். துரு, பாசி, டிரைவர் நிற்கிற கேபுக்குள் குருவிக்கூடு. பித்தளையும் செம்பும் ஒன்று விடாமல் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் மண்ணெண்ணெய்த் துணியோடு குனிந்து, பெரிய எஞ்சினின் சக்கரங்களை இணைக்கிற கப்ளிங் ராடைத் துடைத்தேன். காய்ந்த கிரீஸ் தோல்போல உரிந்து வந்தது. அடியில் குத்தியிருந்த நம்பர் வேறு. மறுபக்க ராடில் இன்னொரு நம்பர். ஒர்க்ஷாப்பில் நின்றுபோன வண்டியின் பாகத்தை ஓடுகிற வண்டிக்குப் போடுவது வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நிற்பது பல எஞ்சின்களின் சேர்க்கை. பாய்லர் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினேன். சில இடத்தில் கணீர் என்று கேட்டது, சில இடத்தில் பொத்தென்று விழுந்தது. தகடு உள்ளிருந்து அரித்துப் போயிருக்கிறது. பெயின்ட் அதை மூடிக்கொண்டு நிற்கிறது.

டேங்க் எஞ்சினில் நான் துடைத்துப் பார்த்த இடத்திலெல்லாம் ஒரே நம்பர். அடிச்சட்டத்தில் விரிசல் இல்லை. சக்கர டயரில் இன்னும் சதை இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் (நெருப்பு எரிகிற பெட்டி) தகடுகளைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டே போல்ட்டுகளில் சில தேய்ந்திருக்கின்றன, அவற்றை மாற்றலாம். நான் அதைத்தான் சொன்னேன், மச்சான், அழுத்திச் சொன்னேன். பொடியன்களுக்கு முகம் வாடிவிட்டது.

அவர்களிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பெரிய டெண்டர் எஞ்சின்களுக்கு ஆதரவு கிடைத்துவிட்டது. கவர்னர்மார் பெயர் தாங்கிய 251 ‘சேர் தோமஸ் மெயிட்லண்ட்’, 340 ‘பிரெட்ரிக் நோர்த்’ இரண்டும் வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற சுற்றுலா ரயிலை இழுத்தன. கடுகண்ணாவையில் 2014 முதல் ரயில் மியூசியமே இருக்கிறது. டேங்க் எஞ்சின்கள் பின்னால் நின்று தள்ளியதும், ஸ்டேஷனில் நாள் முழுக்கப் பெட்டி கோத்ததும் யாருக்கும் ஞாபகம் இல்லை. 1885-இல் பாதை நானுஓயாவுக்கு வந்தபிறகு தேயிலை கீழே போனதும் அரிசி மேலே வந்ததும் இப்படிப்பட்ட வண்டிகளின் உழைப்பும் சேர்ந்துதான். அந்தப் பாதையையும் சுரங்கங்களையும் வெட்டியதில் நம் முன்னோர் கை இருக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அந்த உழைப்பின் பக்கம் நிற்பேன்.

கராட் ரக எஞ்சின் ஒன்று அங்கே நின்றிருந்தால் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன். மான்செஸ்டர் பேயர் பீகொக் கம்பனியில் செய்து, 1927-இல் நம்ம பாதைக்கு வந்த ஜாதி. முன்னால் ஒரு சக்கரக் கூட்டம், பின்னால் ஒரு சக்கரக் கூட்டம், நடுவில் பாய்லர் தொங்கும். வளைவில் இரண்டு கூட்டமும் தனித்தனியாகத் திரும்பும். நூறு மீட்டர் ஆரமே உள்ள நம்ம வளைவுகளுக்கு அதைவிடப் பொருத்தமான யோசனை கிடையாது. அது இந்த இரண்டில் இல்லை, விடு.

பாகம் இல்லையே என்று ஒரு பொடியன் கேட்டான். இங்கிலாந்தின் ‘டியூக் ஆஃப் கிளஸ்டர்’ என்ற எஞ்சினின் கதையைச் சொன்னேன். 1954-இல் அந்த ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள், 1962-இல் ஓய்வு. ஒரு சிலிண்டரை லண்டன் சயன்ஸ் மியூசியத்துக்காக அறுத்து எடுத்தார்கள், மறுபக்கச் சிலிண்டரும் போனது. மிச்சம் வேல்ஸில் பேரி பழைய இரும்பு யார்டில் கிடந்தது. 1974-இல் ஆர்வலர்கள் அதை மீட்டு, சிலிண்டரைப் புதிதாக வார்த்து, 1986-இல் ஓட வைத்தார்கள். அதற்குள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள்: நெருப்புக்குக் கீழே காற்றுப் போகிற வாய் வரைபடத்தில் இருந்ததைவிடச் சிறிதாகச் செய்யப்பட்டிருந்தது. ஓடின காலத்தில் அது மூச்சுத் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். பேரியிலிருந்து மட்டும் 213 எஞ்சின்கள் தப்பின. ஆகவே காணாமல் போன பித்தளைக்காகப் பயப்பட வேண்டாம், அடிச்சட்டமும் பாய்லரும்தான் முக்கியம் என்றேன்.

இன்னும் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். வண்டி வாங்குவதற்கு முன் கூரை போட வேண்டும். ஹட்டன் மழையில் திறந்த வெளியில் நிறுத்தினால் சில வருஷத்தில் மிச்சமும் போய்விடும். அப்புறம், பாய்லரைச் சுற்றிப் பொதிந்திருக்கும் பழைய வெள்ளைச் சாமான். அது நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டஸாக இருக்கும், வெறுங்கையால் பிய்க்கப் போன ஒருவனைச் சத்தம் போட்டு நிறுத்தினேன். முறை தெரிந்தவர்களை வைத்துத்தான் அகற்ற வேண்டும்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் மலை ரயிலுக்கு திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் புதிதாகவே எஞ்சின் செய்தார்கள் அல்லவா? உன் மருமகனுக்கு அங்கே பழக்கம் இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். பாய்லர் தகட்டின் கனத்தை அளக்கிறதற்கும் ஸ்டே போல்ட் மாற்றுவதற்கும் யாரைக் கேட்கலாம், இங்கே வந்து பார்ப்பார்களா என்று விசாரித்து எழுது. பொடியன்கள் இன்னும் பெரியதின் படத்தைத்தான் போனில் வைத்திருக்கிறார்கள். விபரம் கையில் இருந்தால் என் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் பலம் வரும்.

தங்கச்சிக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு. முழங்கால் வலிக்கு எண்ணெய் போடுகிறாயா இல்லையா? அதையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்