செப்புக் கம்பியும் தேயும், ஆசிரியரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மின்சார ரயில் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் நடுவில் வந்த ஒரு வசனம் மூன்று நாளாக என்னை விடவில்லை. ரயிலுக்கு மேலே மின்சாரம் தரும் கம்பியை ஒருமுறை கட்டிவிட்டால் போதுமாம், ரயில் அதைத் தடவிக்கொண்டு போவதால் தேய்மானம் என்று சொல்ல ஒன்றுமில்லையாம், இங்கிலாந்தில் அதற்கும் வண்டி ஓட்டும் கம்பனிகளிடம் காசு வாங்குவது தேவையில்லாத கணக்காம்.

ஐயா, அங்கே அந்தக் கம்பியில் 22 வருடம் வேலை செய்து பிழைத்தவன் நான். இதை எழுதும்போது ஒரு சாண் நீளத்தில் அந்தக் கம்பித் துண்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. வேலையை விட்டு ஊருக்கு வரும்போது எங்கள் கூட்டத்து மேஸ்திரி வெட்டித் தந்தது. புதிதாக இருக்கும்போது அது 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய உருண்டைக் கம்பி. கிளிப் பிடிப்பதற்காக மேற்பாதியில் இரண்டு பக்கமும் பள்ளம் ஓடும். என்னிடமுள்ள துண்டின் அடிப்பக்கம் உருண்டையாக இல்லை. சீவுளி போட்டு இழைத்த பலகை மாதிரித் தட்டையாக, கண்ணாடிபோல மினுங்குகிறது. உளியோ அரமோ அதில் பட்டதில்லை. ஓடிய ரயில்கள்தான் அப்படி இழைத்தன.

அது எப்படித் தேய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயிலின் கூரையில் மடிந்து விரியும் கை ஒன்று உண்டு, பான்டோகிராஃப் என்பார்கள். அதன் உச்சியில் கார்பன் பட்டை இருக்கும். அந்தப் பட்டை கம்பியைக் கீழிருந்து அழுத்தியபடியே ஓடும். கம்பியை நேராகக் கட்டினால் பட்டையில் ஒரே இடம் அறுந்துவிடும் என்று, கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாகச் சற்று விலக்கிக் கட்டுவோம். செம்பு நெடுநாள் கிடக்கட்டும், பட்டையை மாற்றுவது சுகம் என்றுதான் கார்பனை வைத்தார்கள். அப்படியிருந்தும் செம்பு தேயும். குளிர்காலத்தில் கம்பியில் உறைபனி படிந்தால் பட்டைக்கும் கம்பிக்கும் இடையில் நீலப் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் செம்பைச் சுடும். ஒரே வண்டியில் இரண்டு கைகள் உயர்ந்திருந்தால், முதற்கை ஆட்டிவிட்ட கம்பியில்தான் இரண்டாவது கை போய்ப் படும். பட்டை உடைந்த ஒரு வண்டி கம்பியைக் கொளுவி இழுத்தால் நூற்றுக்கணக்கான மீற்றர் கம்பி நிலத்துக்கு வந்துவிடும். அப்புறம் விடிய விடிய எங்களுக்கு வேலை.

மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் நிலத்தொடுப்புக் கொடுத்து, இரவு ஒரு மணிக்கு ஏறி மைக்ரோமீற்றரால் தடிப்பு அளப்போம். கம்பி ஒரு தொன்னுக்கு மேற்பட்ட இழுவையில் நிற்கும். தேயத் தேய அந்த இழுவையைத் தாங்கும் செம்பு குறைந்துகொண்டே போகும். எங்கள் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு தேயும் முன்பே மாற்ற வேண்டும் என்று கட்டளை. இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் ஒன்றுமில்லை என்கிறார்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இதை விளங்க இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. எங்கள் பெரியப்பா கொக்குவிலில் தண்ணீர் இறைக்கும் மிஷின் வாடகைக்கு விட்டவர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்புக் காலம் வந்தால் மிஷின் வீட்டில் நிற்காது. மண்ணெண்ணெய்ச் செலவு மிஷின் எடுப்பவருடையது, மணிக்கணக்கு வாடகை வேறு. "எண்ணெய் நான்தானே ஊத்துறன், பிறகென்ன வாடகை?" என்று ஒருவர் படலையில் நின்று சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. பெரியப்பா தேய்ந்த வாஷரையும் பெல்ற்றையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "எண்ணெய் நீ ஊத்தினாய், இதை ஆர் தருவினம்?" அவ்வளவுதான் கேட்டார்.

இங்கிலாந்தின் கணக்கும் அதுதான். 1993 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பாதை ஒருவர் பொறுப்பு, வண்டி வேறு ஒருவர் பொறுப்பு. 2002 முதல் பாதையும் கம்பியும் நெட்வேர்க் ரெயில் என்ற நிறுவனத்திடம். வண்டி ஓட்டுபவர் இழுத்த மின்சாரத்துக்குத் தனியாகக் கட்டுகிறார். தண்டவாளத் தேய்மானத்துக்குத் தனியாகக் கட்டுகிறார். மின்கம்பி, கம்பிக்குப் பதிலாகப் பாதையோரத்தில் மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளம் ஆகியவற்றின் தேய்மானத்துக்கு, ஒவ்வொரு பெட்டியும் மின்சாரத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் இத்தனை பென்ஸ் என்று இன்னொரு கட்டணம். 25,000 வோல்ற் மேற்கம்பிக்கு ஒரு விலை, லண்டனின் தெற்கே ஓடும் 750 வோல்ற் மூன்றாம் தண்டவாளத்துக்கு வேறு விலை. டீசலிலும் மின்சாரத்திலும் ஓடும் வண்டி டீசலில் ஓடிய தூரத்துக்கு இதைக் கட்டத் தேவையில்லை. தண்டவாளக் கட்டணத்தோடு பார்த்தால் இது சிறிய தொகைதான். சிறியது என்பதால் இல்லை என்று ஆகாதே. ஒரு ரயில் கூடுதலாக ஓடினால் நேரடியாக எவ்வளவு செலவு கூடுகிறதோ அதை ஓட்டுபவர் தர வேண்டும் என்பது 2012 இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலும் உண்டு.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. மைலுக்கு ஒரே சராசரி விலை என்பதால், பட்டையை நாளாந்தம் பார்த்து மாற்றும் கம்பனியும் உடைந்த பட்டையோடு அனுப்பும் கம்பனியும் ஒரே காசுதான் கட்டுகின்றன. எங்களுக்கு அது பெரிய மனக்குறை. 2000 ஒக்டோபரில் ஹட்ஃபீல்ட்டில் தண்டவாளம் வெடிப்பால் நொறுங்கி நாலு பேர் இறந்த பிறகுதான், தேய்மானத்தை அளந்து எழுதிவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த நாடே விழித்தது.

"இலங்கையில் பாதையும் வண்டியும் ஒரே திணைக்களம், ஆர் ஆரிடம் காசு வாங்குவது?" என்று கட்டுரையாளர் கேட்கிறார். வாங்க வேண்டாம், ஐயா. எழுதட்டும். ஓடிய தூரத்துக்கு இவ்வளவு தேய்ந்தது, மாற்ற இவ்வளவு வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் ஏறட்டும். இங்கே இன்னும் ஒரு மைல் பாதையும் மின்மயமாகவில்லை. எழுதத் தொடங்க இதைவிட நல்ல நேரம் வராது.

என் தகப்பனார் கொடிகாமம் பக்கம் பாதை வேலை செய்தவர். சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தினமும் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த ஆப்பைத் தட்டி இறுக்குவார். சத்தத்தை வைத்தே எது தளர்ந்தது என்று சொல்வார். 1990 ஜூனில் கோச்சி நின்றது, அவர் நடையும் நின்றது. 2003 இல் நான் ஊருக்கு வந்தபோது பாதை இருந்த மேட்டில் மாடு கட்டியிருந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. அப்பா அந்த மேட்டைப் பார்க்க வரமாட்டேன் என்றார். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பி வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

எங்கள் பாதையை யுத்தம் தின்றது, சரி. வவுனியாவுக்குத் தெற்கே என்ன நடந்தது? எங்கள் பாதைபோல அது பெயர்த்தெடுக்கப்படவில்லை. ஆனாலும் 2023 ஜனவரியில் அனுராதபுரம் முதல் ஓமந்தை வரை மூடி, பாதையைப் புதுப்பித்து ஜூலையில்தான் திறந்தார்கள். அடுத்த வருடம் மாஹோப் பக்கம். அந்த மாதங்களில் முழங்கால் வலியோடு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தவன் நான். கூடவே வந்த வயோதிபப் பெண் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார். வருடாவருடம் பார்த்திருந்தால் மாதக்கணக்கில் மூடவேண்டி வந்திருக்குமா?

கோபத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாழ்தேவி என்றால் உங்கள் பத்திரிகையில் வடையும் தேநீரும் யன்னலோர நினைவுகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் பாதையில் நடப்பவரைப் பற்றி, வெயிலில் குடிலுக்குள் இருந்து கடவை காப்பவரைப் பற்றி எத்தனை வரி வந்திருக்கிறது? போன வருடம் கடவைக் காப்பாளர்களின் சம்பளம் பற்றி நான் எழுதிய கடிதத்தில் முதல் நாலு வரிதான் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதானால், அப்பாவின் பகுதியை எடுத்துவிடுங்கள். கம்பியின் பகுதியை வெட்ட வேண்டாம்.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம். "மின்கம்பி தேயும், அதற்குச் செலவுண்டு" என்று வரும் ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். கட்டுரையாளர் விரும்பினால் கம்பித் துண்டை நானே புதன்கிழமை காலை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். படம் எடுப்பதானால் பக்கவாட்டில் எடுத்தால்தான் தேய்ந்தது தெரியும். எடுத்த பிறகு துண்டைத் திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்கம்பித் தொழிலாளி,
கொக்குவில்.