பழுது பார்த்தால் வரி, புதிதாகக் கட்டினால் வரி இல்லையா?

பிரிட்டன் நிதியமைச்சர், பண்பாட்டுத் துறை அமைச்சர் இருவருக்கும்,

வணக்கம். பாரம்பரியக் கட்டடங்கள் என்று அரசு பட்டியலிட்ட வழிபாட்டுத் தலங்களைப் பழுதுபார்க்கையில் கட்டும் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரியை (இப்போது 20 சதவீதம்) திருப்பித் தரும் திட்டத்தை 2001 முதல் நடத்தி வந்தீர்கள். 2025 ஏப்ரலில் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுதான் என்று வரம்பு கட்டிவிட்டீர்கள். அந்த வரம்பை எடுத்துவிடுங்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை, முருகன் கோயிலுக்குப் போகிற ஆள். ஆனால் லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாமின் செயின்ட் மேரி மக்தலேன் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டு நார்மன் கட்டடம். உள்சுவரில் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்குக் கோலம்போல ஓடும். நியூட்டன் சொல்லக் கேட்டு அந்த ஆப்பிள் கதையை எழுதிவைத்தாரே, வில்லியம் ஸ்டுக்லி, அவர் 1765இல் அடக்கமானது இதன் வளாகத்தில்தான். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்றவர்.

இதையெல்லாம் அரசு பராமரிக்கிறது என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அந்தந்தச் சபையாரின் தலையில்தான் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கூரை வேலைக்கு மூன்று லட்சம் பவுண்டு என்று வையுங்கள். வாட் 60,000. அந்த வரம்பின்படி கிடைப்பது 25,000. மீதி 35,000ஐக் கேக் விற்றும் உண்டியல் குலுக்கியும் முதியவர்கள் சேர்க்க வேண்டும். சரி, பாதிக் கூரையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்றால், சாரத்தை இரண்டு முறை கட்டிப் பிரிக்க வேண்டும். அந்தச் சாரத்துக்கும் வாட் உண்டு! நடுவில் வரும் குளிர்கால மழை வரம்பு பார்த்தா பெய்யும்?

இதே சபை புதுத் தேவாலயம் கட்டினால் கட்டுமானத்துக்கு வாட் கிடையாது. ஆனால் பழையதை இடிக்கவும் விடமாட்டீர்கள். காக்கச் சொல்லிச் சட்டம் போடுவதும் நீங்கள், காப்பவரிடம் வரி வாங்குவதும் நீங்கள். சுற்றுலா விளம்பரம் என்றால் மட்டும் முதலில் கோபுரப் படம் வந்துவிடுகிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அரைகுறைத் திட்டத்துக்கும் 2026 மார்ச் வரைதான் என்று கெடு வைத்தீர்கள். அதைத் தொடருங்கள், வரம்பையும் நீக்குங்கள். உடனே முடியாதென்றால், ஒரே கூரைக்கு ஒரே சாரம் போதும் என்கிற அளவுக்காவது அதை உயர்த்துங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாம்வாசி ஒருவன்