மெஸ் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

நேற்று எம்.ஏ. கடைசித் தேர்வை எழுதிவிட்டேன். விடுதியைக் காலி செய்வதற்கு முன்னால், எல்லோரும் அறிய நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என் உடம்பில் போதிய அளவு இல்லை. வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள் கசியும் ரத்தம்தான் பெரிய தொல்லை. முழங்காலில் முதலில் லேசான குறுகுறுப்பு, அப்புறம் சூடு, சாயங்காலத்துக்குள் காலை மடக்க முடியாது. பத்து நாள் போனால் எல்லோரையும்போல நடப்பேன். "நேத்து நல்லாத்தானே நடந்தே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே இளங்கலைப் படிப்பு கழிந்தது.

இங்கே துறைத்தலைவர் அம்மாவிடம் முதல் நாள் சான்றிதழை நீட்டினேன். "அது இருக்கட்டும். மாடி ஏறுவது கஷ்டமா, ரொம்ப நேரம் உட்காருவது கஷ்டமா, அதைச் சொல்" என்றீர்கள். அடுத்த வாரமே எங்கள் வகுப்பு மூன்றாம் மாடியிலிருந்து கீழே வந்தது. அம்மா, அன்று அறைக்குப் போய் அழுதேன்.

மூன்றாம் செமஸ்டரில் வலது முழங்கையில் ரத்தம் கசிந்து பேனா பிடிக்க முடியவில்லை. என் ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே என்பதால் ஸ்கிரைப், அதாவது நான் சொல்லச் சொல்லத் தேர்வு எழுத ஆள், கிடையாது என்றார்கள். நூலக அண்ணன்தான் விடவில்லை. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதச் சிரமப்படுபவருக்கு ஸ்கிரைப் மறுக்கக் கூடாது என்று 2021இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையும் அச்சிட்டு, என்னோடு வந்து நின்றார். எழுத ஆளும் கிடைத்தது, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைத்தது.

எழுத வந்த தாவரவியல் தம்பி, உனக்குச் சோழர் வரலாறு புதிது. 'பிரம்மதேயம்', 'தேவதானம்' என்று ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிக் கேட்டாய். நான் தடுமாறிய இடத்தில்கூட அவசரப்படுத்தாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாய். நான்கு தாள்களும் அப்படித்தான்.

ராத்திரி பதினோரு மணிக்கும் முகம் சுளிக்காமல் ஊசி போட்ட அரசு மருத்துவமனை சிஸ்டர்களுக்கு என் வணக்கம்.

மெஸ் அக்கா, ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாக்கெட்டுகளை ஒதுக்கி என் மருந்து டப்பாவுக்கு இடம் வைத்தீர்கள். "தம்பி மருந்து, தொடாதீங்க" என்று நீங்கள் எழுதி ஒட்டிய சீட்டு ஈரத்தில் கலைய, மூன்று முறை புதிதாக எழுதினீர்கள். நான் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போதே துண்டில் ஐஸைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். டப்பாவை இன்று காலை எடுத்துக்கொண்டேன். சீட்டையும் பிய்த்து எடுத்து வைத்திருக்கிறேன், அக்கா.