அந்த மடிப்புக்குக் காரணம் பூகம்பம்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் பழங்காலக் கடல்திட்டு (கடலுயிர்கள் கட்டியெழுப்பிய சுண்ணாம்புப் பாறைமேடு) ஒன்றின் படத்தைப் போட்டு, அதில் சுருண்டு கிடந்த சுண்ணாம்புக்கல் அடுக்கைப் 'பூகம்பத்தின் தடயம்' என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம், ஆனால் அந்தப் படத்தை வைத்து மட்டும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

சுருண்ட அடுக்குக்குக் கீழே உள்ளவை அலுங்காமல் நேராகக் கிடக்கின்றன. மேலே உள்ளவையும் நேராக இருந்து, மடிப்புகளின் தலை சீவிவிட்டதுபோல் இருந்தால், அது கல்லாகும் முன்பே, வெறும் சேறாக இருந்தபோதே வழுக்கிச் சுருண்டது என்று சொல்லலாம். திட்டின் நடுப்பகுதி சீக்கிரமே இறுகிவிடும், பக்கச் சரிவில் குவியும் சேறு அப்படியில்லை, உள்ளே சிக்கிய நீர் வெளியேறுவதற்குள் மேலே அடுத்த சுமை வந்து ஏறிவிட, பாரத்தைத் தண்ணீரே தாங்கவேண்டியதாகி, துகள்களுக்கு இடையே பிடிப்பு போய்விடுகிறது. அப்புறம் அது சரிய ஒரு சாக்கு போதும். 1929இல் கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், கிராண்ட் பேங்க்ஸ் கடலடியில் நடந்ததுபோல (தந்திக் கம்பிவடங்களை வரிசையாக அறுத்துக்கொண்டு போன சரிவு அது) பூகம்பமும் தள்ளிவிடலாம், புயல் அலையும் தள்ளலாம், சேற்றின் சொந்த எடையே போதுமானதாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, திட்டின் சரிவில் அடுக்குகள் சாய்ந்திருந்தாலே பிற்பாடு நிலம் அசைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் படுகையில் சுமார் 37 கோடி ஆண்டு பழைய, டெவோனியன் என்ற புவியியல் காலத்துத் திட்டுகளின் ஓரத்தில் அடுக்குகள் 30 பாகைக்கு மேல்கூடச் சாய்ந்திருக்கின்றன. அங்கே சிப்பிகளுக்குள் பார்க்கவேண்டும். பாதி வரை சேறு, மீதியில் பின்னால் வளர்ந்த வெள்ளைப் படிகம், இரண்டும் சேரும் கோடு கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி அன்றைய கிடைமட்டத்தைக் காட்டும். அடுக்கு சாய்ந்திருக்க, இந்தக் கோடு மட்டும் மட்டமாக இருந்தால் அந்தச் சரிவு பிறவியிலேயே வந்தது. சேறு உள்ளே இறுகிய பிறகு உருண்டு வந்த துண்டுகளில் இந்தக் கோடுகள் ஆளுக்கொரு திசையில் நிற்கும்.

பவளப்பாறை என்று தலைப்பில் போட்டதும் எல்லாத் திட்டுக்கும் பொருந்தாது, அமெரிக்காவின் கேப்பிட்டன் திட்டைக் கட்டியதில் கடற்பஞ்சுக்கும் பாசிக்கும்தான் பெரும்பங்கு. சரி, அதை விடுங்கள்.

பக்க வடிவமைப்பில் படத்தின் மேல்பகுதியை வெட்டிவிட்டீர்கள். அடுக்கு சேறாக இருந்தபோதே சுருண்டதா என்பதற்கு விடை இருப்பது அங்கேதான். முழுப் படத்தையும் ஒருமுறை வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்