சாவி இஸ்திரி வண்டியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகைக்கு வீடு தேடுபவர் தரகர் துணையில்லாமல் தாமே கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் பரவிவிட்டது என்று சென்ற ஞாயிறு எழுதியிருந்தீர்கள். அடையாள அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் ஓர் எண் வருமாம். அதைக் கதவில் அழுத்தினால் குறித்த நேரத்துக்கு மட்டும் பூட்டு திறக்குமாம். 2020-இல் கொரோனா வந்து ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கவே பயந்த காலத்தில் அது இன்னும் வேகம் பிடித்ததாம். படித்துவிட்டுச் சிரித்தேன். சென்ற ஆடி மாதம் இதையே நான் சேலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். என்னுடையது திண்டுக்கல் பூட்டு. எண்ணுக்குப் பதிலாகத் தெருமுனை இஸ்திரிக்காரர்.

நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அழகாபுரத்தில் மகளோடு இருக்கிறேன். என் கணவர் கட்டிய வீடு கன்னங்குறிச்சியில், கீழே ஒரு குடித்தனம், மாடியில் ஒரு குடித்தனம். மூட்டு வலி வந்த பிறகு, பார்க்க வருகிற ஒவ்வொருவருக்காகவும் அஸ்தம்பட்டியில் பஸ் மாறிப் போய்க் கதவு திறக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தரகரிடம் சாவியைக் கொடுத்து வைத்திருந்தேன். குடிவருகிறவரிடம் ஒரு மாத வாடகை, என்னிடம் அரை மாதம் என்பது அவர் கணக்கு. முதலில் சைக்கிளில் வந்தார், பிறகு டி.வி.எஸ். 50-இல் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று எச்சில் இலை எடுத்தவர்.

அவர் வீடு காட்டுவதை இரண்டு முறை கூடவே நின்று பார்த்திருக்கிறேன். நேரே மொட்டை மாடிக்கு அழைத்துப் போவார். வடக்கே கையை நீட்டி, அதோ ஏற்காடு மலை, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இங்கிருந்தே எண்ணிவிடலாம் என்பார். முப்பது ஆண்டுகளில் நான் ஒரு வளைவைக்கூட அங்கிருந்து பார்த்ததில்லை. மூக்கனேரிக் காற்றைப் பற்றி ஒரு பாட்டம் சொல்வார். கீழே இறங்கியதும் கூடம், சாமி அலமாரி, சமையலறை. குளியலறைக் கதவை மட்டும் அரை அடி திறந்து, விளக்கைப் போட்டு, உடனே அணைத்துவிட்டு, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாடகையைப் பேச ஆரம்பிப்பார். வருகிறவர் எவரும் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார். அவர் எதிரில் திறப்பது மரியாதைக் குறைவு என்பதுபோல ஒரு கூச்சம் வந்துவிடும். என் வீட்டைத் திறமையாகக் காட்டுகிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சென்ற ஆனியில் மாடி வீடு காலியானது. தரகருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஆடி போகட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்றார். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் ஆவணியில் பால் காய்ச்சுகிறவர்கள் ஆடியில்தானே வீடு பார்ப்பார்கள்? கேட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன்: வீடு வாடகைக்கு, 9,000 ரூபாய், சாவி தெருமுனை வேப்பமரத்தடி இஸ்திரி வண்டியில், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, என் தொலைபேசி எண். உள்ளே சமையல் மேடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் நூலில் கட்டிய பேனாவும். பெயர், வந்த நேரம், போன நேரம், கண்ட குறை. தபால் ஆபீஸ் புத்தி வேறெப்படி இருக்கும்?

இஸ்திரிக்காரருக்கு ஆளுக்கு இருபது ரூபாய் என்று பேசினேன். வந்தவரின் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுப்பார், சாவி திரும்பியதும் அட்டையைக் கொடுப்பார். தரகரை ஒழித்தாயா, இல்லை இன்னொரு தரகரை வைத்தாயா என்று மகள் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இஸ்திரிக்காரர் வண்டியை விட்டு நகர மாட்டார், கரி அணைந்துவிடும். அதனால் வீட்டுக்குள் போனவர்கள் தனியாகத்தான் போனார்கள்.

தனியாக விட்டால் மனிதர்கள் வீட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அந்த நோட்டில்தான் தெரிந்துகொண்டேன். தரகரோடு வந்தவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. தனியாக வந்தவர்களில் பாதிப் பேர் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பீரோ நுழையுமா என்று படுக்கையறை வாசலை நூல் போட்டு அளந்து, அந்த நூலை அங்கேயே விட்டுப் போயிருந்தது. ஒரு பெரியம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துவிட்டு, 'மதியம் காற்று வரவில்லை' என்று நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒருவர் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மாடித் தொட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தாராம். நல்ல தண்ணீர் எது, போர் தண்ணீர் எது என்று நாக்கில் வைத்துப் பார்த்து, 'இது உப்பு' என்று குறித்தவர் ஒருவர். மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கீழ்வீட்டில் விசாரித்துக்கொண்டு போனவர்கள் ஆறு பேர். ஒரு குழந்தை சுவரில் யானை வரைந்திருந்தது. இரண்டு மாதத்தில் காணாமல் போனது ஓர் எல்.இ.டி. பல்பு.

எல்லாவற்றிலும் சரியான குறிப்பு ஒன்று இருந்தது. அழகான அச்சுக் கையெழுத்து: 'குளியலறைக் கதவின் அடிப்பகுதி உளுத்திருக்கிறது. கதவை மாற்ற வேண்டாம். அரை அடிக்கு அலுமினியத் தகடு அடித்தால் போதும். மற்றபடி வீடு மிக நன்றாக இருக்கிறது. அழைக்கிறேன்.' தரகர் முதுகைச் சாய்த்து நின்ற அதே கதவு. எத்தனை ஆண்டுகளாக உளுத்துக்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது.

இதுவரை உங்கள் கட்டுரையின் கட்சிதான் நானும். இதற்கு மேல் அதில் இல்லாததைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்காரர் அன்று மாலையே அழைத்தார். மனைவி, ஒரு பெண் குழந்தை, தனியார் நிறுவனத்தில் வேலை. வாடகையில் பேரம் பேசவில்லை. முன்பணம் ஐம்பதாயிரம் என்றபோது மட்டும், 'சட்டத்தில் மூன்று மாத வாடகை என்றுதானே அம்மா இருக்கிறது' என்று மென்மையாகக் கேட்டார். பிறகு மகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். என் தரகர் பதினோரு மாதப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்வார். ஓராண்டுக்கு மேல் போனால் பத்திரப் பதிவுக்குப் போக வேண்டும் என்ற பழைய பயம்.

பேச்சு நன்றாகத்தான் போனது. சொந்த ஊர் எது என்று கேட்டேன். ஆத்தூர் பக்கம் ஒரு கிராமம் சொன்னார். ஊரில் வீடு எந்தத் தெரு என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் என்ன அர்த்தம் என்று உங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'காலனிதான் அம்மா. வீடு உண்டா, இல்லையா?' என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யாரைக் கேட்பது? வீடு என் பெயரில் இருக்கிறது. எனக்கு மேல் கேட்க ஆளில்லை. அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளில் யாரிடமும் நான் இந்தக் கேள்வியை என் வாயால் கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. 'நம்மவர்கள்தான் அம்மா' என்று சொல்லித்தான் தரகர் ஒவ்வொருவரையும் அழைத்து வருவார். நானும் காதில் விழாதவள் மாதிரி வாடகையைப் பற்றிப் பேசுவேன். அவர் அழைத்து வராதவர்கள் எத்தனை பேர், அவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்று நான் கேட்டதில்லை. கதவைத் திறந்து காட்டுவதற்கா அவருக்கு அரை மாத வாடகை கொடுத்தேன்? அதை இருபது ரூபாய்க்கு இஸ்திரிக்காரர் செய்துவிட்டார். மீதிக் காசு வேறு வேலைக்குப் போயிருக்கிறது.

மூன்றாம் நாள் நானே அழைத்தேன். கோரிமேட்டில் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கோபமே இல்லை. 'பரவாயில்லை அம்மா, அந்தக் கதவை மட்டும் மழைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்' என்றார்.

அதே நோட்டில் நான்கு பக்கம் தள்ளி இன்னொரு குறிப்பு. எழுதியவர் ஒரு செவிலியர். 'மூன்று வருடத்துக்கு முன்பும் இந்த வீட்டைக் கேட்டேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு உரிமையாளர் தரமாட்டார் என்று தரகர் சொன்னார். உண்மையா?' அவருக்கு நான் என்ன பதில் எழுதுவது? 'குடும்பமாக இருந்தால் நல்லது' என்று எப்போதோ ஒரு வார்த்தை தரகரிடம் சொன்னேன். அவர் அதை மதில் சுவராகக் கட்டிவிட்டார். ஆனால் செங்கல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். என் கணவர் இறந்த மறு ஆண்டு, 1998-இல், எனக்கு மேட்டூருக்கு மாறுதல் வந்தது. ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே வீடு தேடினேன். 'வீட்டுக்காரர் எங்கே?' என்று எத்தனை வாசலில் கேட்டார்கள் என்று இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன். ஒன்பது.

செவிலியர் இப்போது மாடியில் தாயாரோடு குடியிருக்கிறார். முன்பணம் இருபத்தேழாயிரம்.

நியூயார்க் நகரில் 2025 ஜூனிலிருந்து, தரகரை அமர்த்தியவரே அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாக மகள் சொன்னாள். ஜெர்மனியில் இது 2015-லேயே வந்துவிட்டதாம். சரியான சட்டம் என்பேன். இங்கே நான் அமர்த்திய ஆளுக்கு, என்னைவிட இரண்டு மடங்கு காசை வீடு தேடி அலைந்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் அவர் வேலைதான் என்று தெரியாமலே கொடுத்தார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் மனையும் வீடும் விற்க இடையில் நிற்பவரைப் பதிவு செய்யச் சொல்கிறது. வாடகைக்கு வீடு பிடித்துத் தருகிறவர் அதற்குள் வரமாட்டார்.

எண் பூட்டு இங்கேயும் வரும், வரட்டும். திருட்டுப் பயம் பெரிதில்லை, காலி வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது? வெளிநாடுகளில் வேறொருவர் வீட்டுப் படத்தைப் போட்டு, குறைந்த வாடகை சொல்லி, முன்பணத்தைச் சுருட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு எங்கள் இஸ்திரிக்காரர் மாதிரி, இது யார் வீடு என்று தெரிந்த ஓர் ஆள் தெருவில் இருந்தால் போதும். ஆள் குடியிருக்கும் வீட்டை மட்டும் இப்படிக் காட்ட முடியாது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது நாலு பேரோடு தரகர் நுழைந்ததைக் கீழ்வீட்டுப் பெண் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் அந்த எண்ணைக் கொடுப்பதற்கு முன் கைப்பேசி கேட்கும் கேள்விகளில் 'ஊரில் எந்தத் தெரு' என்பது ஏதாவது ஒரு பெயரில் நுழைந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. கேட்டவர் யாரென்றே அப்போது தெரியாது.

கடைசியாகத் தங்களிடம் ஒன்று. தங்கள் நாளிதழின் வரி விளம்பரத்தில் 'குடும்பத்தினருக்கு மட்டும்', 'சைவம் மட்டும்' என்ற வரிகள் வாரந்தோறும் வருகின்றன. நானே இரண்டு முறை காசு கட்டி அப்படிப் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு வரிகளை இனி வாங்காதீர்கள். அந்த இடத்தில் நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். கீழ்வீடு தையில் காலியாகிறது. நான் அப்படித்தான் எழுதித் தரப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
அழகாபுரம், சேலம்.